கவை

மார்ச்சில், தெரு உப்பைத் துடைக்கும்போதுதான் கண்டேன்:
ஃபோர்க்கின் கழுத்தில் மயிரிழையாய் ஒரு கோடு.
நகத்தால் சுரண்டினேன். அழுக்கல்ல.
நாற்பத்தொன்பது சிசி எஞ்சினை
சைக்கிளுக்குக் கட்டியவள் நான்தான்;
முன்னங்கால் தாங்குமா என்று
அப்போது யார் யோசித்தது.

சாந்த் எத்தியென் மேட்டில்
விடிகாலை மூன்றரைக்கு பஸ் இல்லை.
ரொட்டிக்கடை அடுப்பு எனக்காகக் காத்திராது.

பழைய இரும்புக் கடையில் மர்செலின்
மூன்றைத் தரையில் கிடத்தினார்.
ஒன்று அலுமினியம். இறகு;
விலையும் பறந்தது.
ஒன்று ஸ்பிரிங் வைத்தது. அமுக்கினேன்,
உள்ளே போனது திரும்பி வரவில்லை.
"மலையிலேயே ஓடியது இது" என்றார்.
மூன்றாவது, செத்துப்போன மொபெட்டின் கால்கள்:
கனம், துரு, டிரம் பிரேக்,
யாரோ ஒட்டிய சேவல் ஸ்டிக்கர்.

டேப்பைப் போட்டேன்.
ஸ்பிரிங்காரனுக்குத் தண்டு இரண்டு விரல் கட்டை.
அலுமினியத்தை என் எஞ்சின் நடுக்கம்
அடுத்த பனிக்குள் தின்றுவிடும்.
சேவலைத் தூக்கினேன்.
"அது அசிங்கம், மதாம்."
"விழுந்தால் என் பல்லும் அப்படித்தான்."

முதல் இறக்கம், முதல் குழி.
பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.
டொக். அவ்வளவுதான்.
ஹேண்டில் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கிறது;
ஞாயிறு பார்க்கலாம்.

இது ஜூன். விரிசல் விட்டதைக்
கழுத்துவரை மண்ணில் புதைத்து
பால்கனித் தொட்டியில் நிறுத்தியிருக்கிறேன்,
இரண்டு காலும் வானத்தைப் பார்க்க.
கவைக்கு உதவாது என்று வீச இருந்தேன்.
பாகல் அதற்குள்
ஒரு சுருளை அனுப்பிவிட்டது.