வெந்நீர் வாய்

மார்கழி மீன் கடிக்காது, சந்தேகப்படும்.
தக்கை ஒரு நூலளவு சாயும்.
காற்றா கெண்டையா என்று
நான் முடிவெடுப்பதற்குள்
மைதா உருண்டை கரைந்திருக்கும்.

ராமமூர்த்தி நகர் தாண்டி இந்த ஏரிக்கு
ஐந்தரை மணிக்கு எதிர்க்கரை கிடையாது.
குல்லாவுக்குள் என் மூச்சுதான் அடுப்பு.

குளிருக்கு ஜிலேபிக் கெண்டை
ஆழம் தேடிப் போகும் என்பான் சகாயம்.
அவன் ஆழத்தில் போட்டுப் போட்டு
வெறும் பையோடு போவான்.
நான் சொன்னதில்லை அவனுக்கு,
அபார்ட்மெண்டின் பின்சுவரில்
பாசி மறைத்த குழாய் ஒன்று உண்டென்று.

இருநூற்றுப் பன்னிரண்டு வீடு.
நாற்பத்தேழில் கீசர் மாட்டியவன் நான்.
குளிர் பிறந்தால் போன் ஓயாது:
தண்ணி சூடாகலை,
சூடு நிக்கலை,
சுவிட்சைத் தொட்டா ஷாக் அடிக்குது.
காயில் மாற்றுவேன், சுண்ணாம்பு சுரண்டுவேன்.
கீசருக்குள்ளும் செதில் இருக்கிறது,
மீனுடையதைவிடக் கெட்டி.

வார நாளில் ஆறேகாலுக்கே
குழாய் வாயில் ஆவி கிளம்பிவிடும்.
ஞாயிறு ஏழரை ஆகும்.
ஊர் தாமதமாகக் குளிப்பது
மீனுக்கும் தெரியும்.
தெரிந்தும் ஐந்தரைக்கே வந்து உட்காருகிறேன்.
வீட்டில் ரெஜினா
குண்டானை அடுப்பில் ஏற்றும் சத்தம் கேட்டால்
பிறகு தூக்கம் வராது.

சுவருக்கு மேல் போரய்யாவின் தலை.
"மீனு பித்தா?"
விழுந்ததா என்கிறார், கன்னடத்தில்.
பதினொரு வருஷமாக என் காதில்
'பித்தா' என்று விளிப்பதாகவே விழுகிறது.
இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டுவேன்.

ஏழு நாற்பது.
குழாய் ஒருமுறை கனைத்தது.
நுரை வந்தது, பின்னாலேயே ஆவி,
யார் வீட்டுச் சந்தனச் சோப்போ.
தண்ணீருக்கடியில் நிழல்கள் நகர்ந்து
குழாயைப் பார்த்து நின்றன
ரேஷன் வரிசை மாதிரி.

இழுப்பே இல்லை. நரம்பில் கனம் மட்டும்.
தூக்கினேன்.
உள்ளங்கையளவு, வயிறு மஞ்சள்,
பிடித்ததும் திடுக்கிட்டது நான்தான்.
என் கையைவிடச் சூடாக இருந்தது மீன்.

உடனே முள்ளைக் கழற்றியிருக்கலாம்.
கழற்றவில்லை.
இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.
அது வாயைத் திறந்து திறந்து மூடியது.
சுண்டு விரல் வரைக்கும்
உணர்ச்சி திரும்பிய பிறகே
முள்ளை எடுத்து
வெந்நீர் ஓரமாகவே விட்டேன்.
இந்த ஏரி மீனை
நாங்கள் சமைப்பதில்லை.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது.
சி பிளாக், நானூற்று நாலு.
சூடு நிக்கலையாம்.

"மீனு பித்தா?"
வாளி காலி. கை மணக்கிறது.
"பித்து" என்றேன்.