புள்ளி உதிர்ந்த மெய்

எக்ஸ்ரே பிலிமில் ஈரம் காயவில்லை.
வெளியே வூஸ்டர் நகரத்துப் பனியை
ஒரு வண்டி சுரண்டிக்கொண்டே போகிறது.
ஒளிப்பெட்டிமேல் குனிந்து
டொரோட்டா கீழிருந்து மேலாக வாசிக்கிறாள்:
ஜி. ஜி. சி.
எஸ்ரா பென்சிலால் எழுதிக்கொள்கிறான்.
இது நலமான திசு.

அடுத்தது
சாயப்பட்டறைத் தொழிலாளி ஒருவரின் சிறுநீர்ப்பைக் கட்டி.
பெயர் கிடையாது, குப்பியில் எண் மட்டும்.
ஜி. டி...
நிறுத்துகிறாள்.
"தூக்கமா?" என்கிறான் எஸ்ரா.
"இருக்கலாம்."

மூன்று வாரம், மூன்று புதுப் பிலிம்கள்.
பன்னிரண்டாம் சொல்லில், நடு எழுத்தில்,
அதே டி.

வெளியிலிருந்து வந்த பகையல்ல.
எல்லோரிடமும் இருக்கும் மரபணுதான்,
எலியிடமும், ரொட்டியைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டிடமும்கூட.
"வளர்" என்று சொல்லும், பிறகு வாய் மூடும்.
வாய் மூடுவதுதான் அதன் பாதி வேலை.

எனக்குத் தெரிந்த எழுத்தில் சொல்வதென்றால்
மெய்யின் தலையிலிருந்து புள்ளி உதிர்ந்துவிட்டது.
இனி அந்த ஒலி அடங்காது.
மெய் என்றால் உடம்பும்தான்.

இது ஒன்றே போதாது என்கிறார்கள்.
காவலுக்கு நின்றவையும் கண்ணயர வேண்டும்,
வருடங்கள் வேண்டும்,
சாயம் படிந்த கைகள் வேண்டுமோ என்னவோ.

சனிக்கிழமை. வேறு யாரும் வரவில்லை.
அவர் இறந்து ஒன்பது வருடம்.
டொரோட்டா குப்பியைத் திறந்து
இளஞ்சிவப்பு ஊட்டக்கரைசலை மாற்றுகிறாள்.
திங்களன்றுதான் பிரித்து வைத்தாள்;
அதற்குள் இடமில்லாமல்
ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன.
"இன்னுமா பசி?" என்று போலிஷ் மொழியில் கேட்கிறாள்.
கேட்டுவிட்டு,
கதவு சாத்தியிருக்கிறதா என்று
திரும்பிப் பார்க்கிறாள்.