மிஸ்ட் கோல்

செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் நாலரைக்கு
வட்டக்கச்சிப் பொதுநோக்கு மண்டபம்.
கலியாணம் இல்லாத நாளில் கதிரைகள் எங்களுக்கு.
பத்துப் பேர், பத்து வளவு.
எந்த வீட்டு உலையிலும் அரைச்சுண்டு அரிசிக்கு மேல் இல்லை.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலிருந்து
ஸ்கூட்டியில் வந்தாள் நிரோஜினி.
"பாரம் தூக்கிப் பழக வேணும், அம்மாமார்.
அப்பதான் எலும்பு உக்காது."
"இன்னும் தூக்கவோ, பிள்ளை?" என்றாள் சிவயோகம்.
ஒருத்தரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லாரும் சிரித்தோம்.

சோடாப் போத்தலில் அவரவர் வளவு மண்.
பூரணத்தினது சிவப்பு, என்னுடையது சாம்பல்.
திரேசம்மா வாய்க்கால் மணலை அரித்தெடுத்து
மூடியில் ஒரு சிலுவை கீறிக்கொண்டு வந்தாள்,
மாறிப் போகாமலிருக்க.

கதிரையைப் பிடித்தபடி
ஒற்றைக்காலில், பத்து எண்ணும் மட்டும்.
"எனக்கு எந்தக் கால் கணக்கு?"
சீலையைச் சற்றுத் தூக்கிக் காட்டினாள் இராசமலர்.
இடது முழங்காலுக்குக் கீழே ஜெய்ப்பூர்.
"பதினைஞ்சு வருசமாய் நான் இந்தப் பயிற்சியிலதான் நிக்கிறன்.
நீங்கள் இப்பதானே சேர்ந்தனீங்கள்."

இரண்டு கையையும் மேலே உயர்த்தச் சொன்ன அன்று
மண்டபம் கொஞ்சம் பிந்தித்தான் உயர்த்தியது.
அந்தக் காலத்தில் நிரோஜினிக்குப் பத்து வயது இருந்திருக்கும்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்த கிழமை அந்தப் பயிற்சி
தோளோடு நின்றுகொண்டது.

மிஸ்ட் கோல் கோணேஸ்வரியின் யோசனை.
விடிய ஐந்தரைக்கு அவள் சிவயோகத்துக்கு அடிப்பாள்.
இரண்டே ரிங். எடுக்கக்கூடாது, எடுத்தால் காசு.
சிவயோகம் இராசமலருக்கு.
அப்படியே வந்து பூரணம் எனக்கு,
நான் திரேசம்மாவுக்கு.
சுற்றி வந்து கோணேஸ்வரியின் போன் மினுங்கினால்
பத்துப் பேரும் எழும்பியாயிற்று.
ஒரு சொல் கிடையாது.
ஆனாலும் கோழி இறங்குமுன்னமே
என் பெயரை ஒருத்தி
விரலால் தேடிக் கண்டுபிடிக்கிறாள்.

ஆவணியில் ஒருநாள் பூரணத்தின் அடி வரவில்லை.
ஆறு மணிக்கு அவளுடைய படலையில் ஒன்பது பேர்.
இராசமலர்தான் முதலில், சைக்கிளில்.
கிணற்றடியில் நின்று உடுப்புத் தோய்க்கிறாள் பூரணம்!
இரவு கரண்ட் இல்லையாம், போனில் சார்ஜ் இல்லையாம்.
"செத்துப்போனன் எண்டோ ஓடி வந்தனீங்கள்?"
ஏசினாள்.
ஏசிக்கொண்டே அடுப்பை மூட்டினாள்.
கோப்பை காணாமல் செம்பிலும் சிரட்டையிலும் தேத்தண்ணி.
எனக்கு மூக்குப்பேணி.
வெளிக்கிடும்போது வாசலைப் பார்த்துச் சொன்னாள்:
"இவரின்ர அந்திரட்டிக்குப் பிறகு
இவ்வளவு செருப்பு இண்டைக்குத்தான்."

நிரோஜினிக்கு மன்னாருக்கு மாற்றலாகிவிட்டது.
இப்போது எண்ணுகிற வேலையும் எங்களுடையதுதான்.
சிவயோகம் எண்ணினால்
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்
ஒரு வயலை உழுதுவிட்டு வரலாம்.
முடிய விடமாட்டாள்.

இன்னொன்று இருக்கிறது. அவர்களுக்குச் சொல்லவில்லை.
போன வியாழன் விடிய
பூரணத்தின் அடி வந்தது, ஒழுங்காய், இரண்டு ரிங்.
நான் திரேசம்மாவுக்கு அடிக்கவில்லை.
போனை நிறுத்தித் தலையணைக்குக் கீழே தள்ளினேன்.
கேத்திலை வைத்தேன்.
முதல்நாள் சந்தையில் வாங்கிய கோப்பைகளை,
ஒன்பதையும்,
கழுவிக் கவிழ்த்தேன்.
கூந்தலை இரண்டுதரம் முடிந்தேன்.
படலையடியில் வெளிச்சம் வந்து நின்றது, ஆளில்லாமல்.
வெட்கமாகவும் இருந்தது.

கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து
நிரோஜினி காட்டித் தந்தபடி
மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தேன்.
ஐந்து.
ஆறு.
ஏழு.
வாய்க்கால் பக்கமாய் ஒரு சைக்கிள் மணி.
எட்டு