சொத்து விவரம்

இருபத்தாறு வருடமாய்
தாலுகா ஆபீஸ் எதிரே
பிறர் நிலத்தை எழுதிப் பிழைக்கிறேன்.
இன்று ஆள் வரவில்லை. ஆடி மழை.
கெட்டுப்போன பத்திரத்தாளின் முதுகில்
ஊரையே எழுதிப் பார்க்கிறேன்:

நீலகிரி மாவட்டம், கூடலூர் வட்டம்.
இதற்கு மால்:
வடக்கே யானை.
நடுவில் அகழி வெட்டினார்கள்,
மழையில் மண் சரிந்து அதுவே அதற்குப் படிக்கட்டு.
பலா பழுக்கும் மாதத்தில்
வடக்கெல்லை பஸ் ஸ்டாண்டு வரை நகரும்.
கிழக்கே நடுவட்டம் ஏறும் கொண்டை ஊசிகள்.
மேலேயிருந்து ஊட்டி
எங்களைக் கீழே என்று சொல்லும்.
மேற்கும் தெற்கும் மலையாளம்.
சில்லறை கேட்டால் ஹம்சா
மூன்று பாஷையிலும் இல்லை என்பான்.

மூலப் பத்திரம் கேட்பீர்கள்.
மலபாரிலிருந்து வெட்டி
இந்த மலையோடு ஒட்டியது
ஒரு வெள்ளைக்காரக் கையெழுத்து.
தேவாலாவில் தங்கம் என்று கம்பெனிகள் வந்தன,
தோண்டின, போயின.
குழிகள் மட்டும் எங்கள் பெயருக்கு மாறின.
அப்புறம் காப்பி. அப்புறம் தேயிலை.
அப்புறம் கப்பல்.

செபமாலை
தலைமன்னாரில் ஏறி வந்தவள்.
அட்டனில் கிள்ளிய அதே கொழுந்தை
இங்கே கிள்ளுகிறாள்.
'தாயகம் திரும்பியவர்' என்று எழுதும்போது
கையைப் பிடித்துக்கொண்டாள்:
"நான் இங்க இருந்ததே இல்லையே,
எப்பிடித் திரும்புவேன்?"
படிவத்தில் வேறு கட்டம் இல்லை.
எழுதினேன்.

போன திங்கள் வெள்ளச்சி வந்தாள்,
குடிசைக்குக் கரண்டு கேட்டு மனு.
பட்டா இல்லை, ரசீது இல்லை.
நாலு பக்கமும் சொல்லு என்றேன்.
ஒரு பக்கம் அத்தி.
ஒரு பக்கம் அம்மாவைப் புதைத்த மேடு.
ஒரு பக்கம் எஸ்டேட் கம்பி.
நாலாவதுக்கு வெகுநேரம் யோசித்தாள்.
"அங்க யாரும் கேட்டதில்லையே."
பத்து ரூபாய் நீட்டினாள்,
ஈரமாய், எட்டாய் மடித்தது.
வாங்கிக்கொண்டேன்.
அதை இங்கே எழுதாமல் விடலாம்.

ஆக
மேற்படி நான்கெல்லைக்குட்பட்ட பூமியும்
அதிலுள்ள மாவடை மரவடை
நீர்வழி தடவழி பாத்தியங்களும்
தீராத வழக்குகளும்
ரெக்கார்டு ரூமில் பூஞ்சை பிடித்த
அடங்கல்கள் சகிதம்.

எழுதிக் கொடுப்பவர்:

இந்த இடத்தில்
பேனா நின்றுவிட்டது.
யார்?

சரியாக அப்போது
கடைத்தெரு முழுக்கக் கரண்டு போயிற்று.
எல்லாரும் ஒன்றாய் 'அய்யோ' என்றார்கள்.
மேட்டிலிருந்து மட்டும்
சத்தமே வரவில்லை.