அரைப்பேர்

பதினெட்டுக் கிலோ நிறுத்தால் ஒரு பேர்.
அரைக் கிலோ குறைந்தால் அரைப்பேர்.
மஸ்கெலியாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்
பேர் என்பது ஒரு நாள் சம்பளம் என்று.

நான் செய்தி அனுப்பிய பத்திரிகையில்
அரைப்பேரும் விழாது.

தொண்ணூற்றொன்று, ஓகஸ்ட்.
மேல்மலையில் குளவி கலைந்து
பதினொரு பேரை லொறியில் ஏற்றினார்கள்.
வார்டில் கட்டில் கட்டிலாகப் போய் எழுதினேன்.
உதடு வீங்கியவர்கள்
பேரைச் சொல்லவே சிரமப்பட்டார்கள்.
சொன்னார்கள்.

தபால் கந்தோரில் டிரங்க் கோல், மூன்று நிமிடம்.
கொழும்பில் தட்டச்சுக்கு முன்னால் ஜெஸீமா.
"சொல்லுங்க மஸ்கெலியா" என்பாள்.
ஊர்தான் அவளுக்கு என் பேர்.
ராக்கு, என்றேன். ராணிக்கு வரும் ரா.
மரியசெல்வம். ஒரே சொல்.
பேச்சாயி. பேய் இல்லை, பேச்சு.
அவள் சிரித்தது கம்பியில் கரகரத்தது.
கவுண்டரில் இருந்தவர் மணியைப் பார்த்தார்.
பதினொன்றும் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் ஐந்தாம் பக்கத்தில்
"குளவி கொட்டி பெண்கள் பதினொருவர் வைத்தியசாலையில்."
அவ்வளவுதான். இரண்டு அங்குலம்.
அங்குலத்துக்கு நாலு ரூபா எனக்கு.
பக்கத்தில் பெரிதாகத் தேயிலை விளம்பரம்:
கூடையோடு ஒருத்தி சிரிக்கிறாள்,
நெற்றியில் கயிற்றுத் தழும்பு இல்லை.
அவளுக்கும் பேரில்லை.

செய்தி ஆசிரியரிடம் கேட்டேன்.
இடமில்லை தங்கச்சி, என்றார்.
செத்தால் போடுவோம்தானே.
நல்ல மனிதர்.
பெண்கள் பக்கத்துக்கு எழுதுங்களேன்,
அங்கே இடமிருக்கு:
கூந்தல், கேக், கைக்குழந்தை.
கயிறு உரசி முன்நெற்றியில் முடி கொட்டுவது பற்றி
ஒன்று எழுதினேன்.
வரவில்லை.

ஹட்டன் பஸ் நிலையத்தில் வடை சுற்றித் தந்த தாளை
எண்ணெயோடு மடித்துக் கொண்டுவந்து
பேச்சாயி என் முன் விரித்தாள்:
"இந்தப் பதினொண்ணுல
நான் எத்தனாவது?"

ஏழு வருஷம் கழித்து என் பேரைப் போட்டார்கள்.
சு. ஞானம்.
மண்சரிவுத் தொடருக்கு நாற்பது கடிதம் வந்தது,
எல்லாம் "அன்புள்ள ஐயா".
துணிச்சலைப் பாராட்டிய ஒருவர்
என் மனைவியையும் விசாரித்திருந்தார்.

ஜெஸீமாவை நான் பார்த்ததே இல்லை.
ஃபாக்ஸ் வந்தது, குரலும் நின்றது.
ஓய்வு பெற்ற மாதம் ஒரு பொதி அனுப்பினாள்,
பதிவுத் தபாலில், சணல் கட்டி.
நான் சொன்னதெல்லாம், காபன் பிரதியில்.
மேலே ஒரு துண்டுக் காகிதம், பச்சை மை:
"உள்ளே வெட்டுவாங்க என்று தெரியும்.
தட்டும்போதே வெட்டச் சொல்லி
எனக்கு யாரும் சொல்லவில்லை."

நீலம் கசிந்த தாள்கள்.
ஓரத்தில் கரையான்.
ராக்கு இருந்தாள். மரியசெல்வம் இருந்தாள்.
பிள்ளைமடுவம் கேட்டு வேலைக்கு இறங்காத
பதினாறு பேரும் இருந்தார்கள்.
பேச்சாயிக்கு ஒரு கால் கூடிப் போய்
போச்சாயி ஆகியிருந்தாள்.

லயத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.
வாசிக்கத் தெரியாது அவளுக்கு.
விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தேன்.
மேலிருந்து ஒவ்வொரு வரியாய் எண்ணி வந்து
"எட்டாவது" என்றாள்.
பிறகு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

பொதியின் அடியில் கிடந்தது
என் முதல் செய்தி.
எண்பத்தொன்பது, ஜூன்.
ஆறு கடக்கையில் தோட்டப் பெண்கள் மூவர்
வெள்ளத்தில் அடிபட்டு மரணம்.
அதன் கீழ்
"பெயர் விபரம்:" என்று தட்டி
மூன்று வரி விட்டிருந்தாள் ஜெஸீமா.

அன்று மழை. கடைசி பஸ்ஸுக்கு அவசரம்.
மூன்று நிமிடம் முடியுமுன்பே
ரிசீவரை வைத்தது
நான்தான்.