கோதுமைக் கொட்டகையில் பதினாலு அடி

எந்தப் பக்கம் ஓட்டினாலும்
கடலுக்கு இரண்டு நாளுக்குக் குறையாது.
சஸ்காச்சுவானில் படகு கட்டுகிறவளை
ஊர் என்ன கேட்குமோ அதையே கேட்டது:
"பெருமழை வருதா மார்லிஸ்?
எங்களுக்கும் இடம் வை."

கேட்டவர்கள் நல்லவர்கள்.
என் டிராக்டர் பனியில் புதைந்தால்
கூப்பிடும் முன் சங்கிலியோடு வந்து நிற்பார்கள்.
ஆனால் விலாச்சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே
ஒரு நூல் இடைவெளி
ஒருத்தியை நடுராத்திரியில் ஏன் எழுப்பும் என்று
அவர்களிடம் சொல்ல வழியில்லை.
ஓரெஸ்டிடமும்தான்.
அவர் என்னோடு இருபத்தாறு வருஷம் வாழ்ந்தவர்,
போர்வையை இழுத்துக்கொண்டு
"காலையில் பார்" என்பார்.

காலைவரை காக்காத நான்கு பேர் இருந்தார்கள்.
நான் முகம் பார்க்காதவர்கள்.
நால்வரில் ஒருவருக்காவது
எப்போதும் பகல்.

டாஸ்மேனியாவில் ஆல்டன், பல்செட் செய்கிறவர்.
என் மரத்தின் படத்தைப் பார்த்துவிட்டு
ஒரு துண்டு அறுத்துத் தண்ணீரில் விட்டு
மறுமுனையில் ஊதச் சொன்னார்.
ஜனவரி. கையுறையோடு வாளிமுன் குந்தி
மரத்துக்கு முத்தம் கொடுப்பவள்போல் ஊதினேன்.
குமிழ்.
மறுபடி குமிழ்.
"சிவப்பு ஓக். நாற்காலிக்கு நல்லது.
படகில் வைத்தால் ஏரி உறிஞ்சிக் குடிக்கும்."
நானூறு டாலர் மரம்.
இப்போது ஓரெஸ்ட் அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.

எபாக்சி இறுகாமல் தேன்போல் நின்ற இரவு
நார்வேயிலிருந்து சோல்வெய்க்,
ஆம்புலன்ஸ் ஓட்டிக் களைத்து வந்தவள், சொன்னாள்:
"நோயாளியைப் போல் நடத்து.
மின்கம்பளி போர்த்து. பக்கத்தில் இரு.
வெப்பமானியைப் பார், முகத்தைப் பார்க்காதே."
படகுக்கு முகம் உண்டென்று
அதுவரை எனக்கும் தோன்றியதில்லை.

சீலேயில் எலியாஸாருக்கு என் மொழி அரைகுறை,
அவர் மொழி எனக்குச் சுத்தமாக இல்லை.
தான் கோணலாக அறுத்த பலகையைப் படம் பிடித்து
குறுக்கே பெரிய எக்ஸ் போட்டு அனுப்புவார்.
அதைவிடத் தெளிவாய்
யாரும் எனக்கு எதையும் விளக்கியதில்லை.

பிறகு ஆர்க்னித் தீவின் எர்லண்ட்.
எதைக் கேட்டாலும் பதில் இருக்கும்.
எந்த ஆணி எப்போது துருப்பிடிக்கும்,
எந்தப் பலகை எந்த வளைவில் முறியும்,
முறிவதற்கு முன் எப்படி முனகும் என்பதுவரை.
அணியத்தை மூடப்போகும் வாரம்
சும்மா ஒரு வார்த்தைக்குக் கேட்டேன்:
"உங்கள் படகுக்கு என்ன பெயர்?"

"நான்கு தொடங்கினேன்.
ஒன்றும் தண்ணீர் தொட்டதில்லை."

அன்று நான் உளியைத் தொடவில்லை.
ஏமாந்தேனோ என்று கொஞ்ச நேரம்.
அப்புறம் எண்ணிப் பார்த்தேன்,
அவர் என்னைக் காப்பாற்றிய இடங்களை.
பதினொன்று.
பதினொன்றும் அவர் பலகை
பிளந்த இடமாகத்தான் இருக்கவேண்டும்.
கரை சேர்ந்தவனுக்குப் பாறை
எங்கே இருந்தது என்று மறந்துபோகும்.

ஜூனில் ஏரியில் இறக்கினோம்.
டிரெய்லரைத் தள்ளியவர்கள்
மழை கேட்ட அதே ஆட்கள்.
மிதந்தது.
இடப்பக்க இரண்டாம் பலகையில்
மணிக்கு ஒரு கரண்டி கசிவு.
நால்வருக்கும் கரண்டியோடு படம் அனுப்பினேன்.
ஆல்டன் அளவு கேட்டார், தேக்கரண்டியா மேசைக்கரண்டியா என்று.
சோல்வெய்க் நாடித்துடிப்பு சீர் என்றாள்.
எலியாஸார் முதல்முறையாக
எக்ஸ் இல்லாத படம் அனுப்பினார், வெறும் கடல்.

எர்லண்டிடமிருந்து மூன்று நாள் ஒன்றுமில்லை.
நாலாம் நாள் ஒரு படம்.
அவர் கொட்டகை. தரையில் சுருண்ட நீலத் தார்ப்பாய்.
விலா தெரிய நிற்கிற ஒன்று,
வருஷக்கணக்கான தூசி,
தூசியின் குறுக்கே
புதிதாய் ஒரு பென்சில் கோடு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
இன்னொரு முறை பார்த்தேன்.
பிறகு எழுதினேன்:

"ஒரு நூல் மேலே போடுங்கள், எர்லண்ட்."