ஒன்றேகால் மணி முகூர்த்தம்

வருஷம் பிறக்கும் நேரத்தைக்
கோயில் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள்.
மின்வாரியம் வேறு நேரம் குறித்திருந்தது:
எங்கள் தெருவுக்கு இரவு ஒன்றிலிருந்து ஐந்து,
அதுவும் நிச்சயமில்லை.

உளுந்தை ஊறப்போட்டுவிட்டு விழித்திருந்தோம்.
யாங்கோனில் சித்திரை, நான்காவது மாடி, காற்றில்லை.
தங்கப்பழம் பனியனைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார்.
பூசணிப் பத்தையில் மெழுகுவர்த்தியை நட்டு
முருங்கைக்காய் நறுக்கினேன்.

எண்ணெய் இங்கே இன்னும் வீசைக் கணக்கு.
அரை வீசை கேட்டதற்குக் கடைக்காரி
விலையை வாயால் சொல்லவில்லை,
உள்ளங்கையில் எழுதிக் காட்டினாள்.
கால் வீசை வாங்கினேன்.
வடை சின்னதாக இருந்தால்
வருஷம் சின்னதாகிவிடாது.

ஒன்றேகாலுக்குக் கட்டடம் உறுமியது.
முதலில் தண்ணீர் மோட்டார்கள்,
பிறகு மூன்றாம் மாடித் தொலைக்காட்சி.
யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை.
"வந்துடுச்சு" என்றார்கள்,
மாடிக்கொரு மொழியில்.

எதிர்வீட்டு டோ சான் யி
மாவுப் பாத்திரத்தோடு வந்துவிட்டாள்.
அவர்களுக்கு வருஷம் பிறக்க இன்னும் மூன்று நாள்.
அவள் வீட்டில் கரி தீர்ந்து இரண்டு நாள்.
என் கரியடுப்பில் ஒரு பக்கம் அவள் கொதிநீர்,
ஒரு பக்கம் என் மாங்காய்ப் பச்சடி.
வேப்பம்பூவை நெய்யில் பொரித்துத் தூவினேன்.
தும்மினாள், பிறகு ஒரு கரண்டி கேட்டாள்.

அரிசிமாவுக்குள் பனைவெல்லத் துணுக்கை வைத்து
உருட்டிப் போடுகிறாள்.
வெந்தது மிதக்கும், வேகாதது அடியில் கிடக்கும்.
இதில் வாழ்க்கைக்குப் பாடம் ஒன்றுமில்லை,
மாவின் குணம் அது.
ஒன்றே ஒன்றில் மட்டும் வெல்லம் இல்லை,
ஊசிமிளகாய்.
கடித்தவருக்கு வருஷம் முழுக்க நல்ல காலமாம்.
போன வருஷம் அவளே வேறு மாதிரி சொன்னாள்.

இரண்டே முக்காலுக்கு விளக்கு போனது.
குக்கரில் சோறு அரைவேக்காடு.
கரியடுப்புக்கு மாற்றி, ஊதி, கண் எரிந்து,
நான்கு மணிக்கு இலை போட்டோம்.
மூன்று பேர். நாலு இலை.

நாலாவது இலை கதிர்வேலுக்கு.
பள்ளிச் சான்றிதழில் அவன் பெயர் ஸோ தெட்.
படைக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில்
எந்தப் பெயர் விழுந்தால் என்ன?
அந்த வாரமே ஆற்றைத் தாண்டிவிட்டான்.
எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்தேன்.
டோ சான் யி, நான் சொல்லாமலே,
ஓர் உருண்டையை அதில் வைத்தாள்.

இருட்டில் எந்த உருண்டை எதுவென்று தெரியாது.
பயந்து பயந்து கடித்தோம்,
சிரித்துக்கொண்டே கடித்தோம்.
எல்லாம் இனிப்பு. தட்டு காலி.
அப்போதுதான் மூவரும்
அந்த நாலாவது இலையைப் பார்த்தோம்.

விடிந்ததும் வட்டார அலுவலகத்து எழுத்தன் வந்தான்,
திருநாளென்றும் பாராமல், பேரேட்டோடு.
"பட்டியலில் மூன்று பேர். இருப்பது இருவர்.
மூன்றாவது ஆள் எங்கே?"
தங்கப்பழம் வேட்டியைச் சரிசெய்தார், மறுபடி சரிசெய்தார்.

"முதலில் உட்கார்" என்றாள் டோ சான் யி,
வயதில் பெரியவளின் குரலில்.
"போட்ட இலை காத்திருக்கிறது."
பசித்திருந்தான் போல.
சாம்பாரைப் பிசைந்து ஒரு பிடி விடாமல் தின்றான்.
வடை நன்றாக இருக்கிறதென்றான்.
கடைசியில் உருண்டையை முழுசாக வாயில் போட்டான்.

நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பேரேட்டைத் திறந்தான்.
கேட்பதற்கு வாயைத் திறந்தான்,
மூடிக்கொண்டான்.
கண்ணில் நீர் நிற்க, 'மூன்று' என்று எழுதி
அடிக்கோடும் போட்டுவிட்டு எழுந்தான்.

மூன்றாம் மாடியில் ஓர் இருமல்.
முதல் மாடியில் ஓர் இருமல்.
பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தோம்:
தெருவில் தண்ணீர் விளையாடும் பிள்ளைகளின் முன்னால்
பேரேட்டைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு
அண்ணாந்து, வாய் பிளந்து நிற்கிறான்.
ஒரு சிறுமி வாளியோடு முக்காலியில் ஏறுகிறாள்.

"பச்சடியில் உப்புக் கம்மி" என்றார் தங்கப்பழம்,
இரவெல்லாம் சொல்லாதவர்.

எழுத்தன் இலையை மடிக்காமல் போயிருந்தான்,
அவனுக்குத் தெரியாது.
நான் மடித்தேன்,
உள்பக்கமாக.